அலைகளிலும் ஒரு பொதுக்குளம்

உங்கள் தாத்தாவிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "வானொலிப் பெட்டிக்கு லைசென்ஸ் எடுத்திருந்தீர்களா, தாத்தா?" 1970-களில் வீட்டில் வானொலி வைத்திருந்தவர் என்றால் ஆமென்பார். ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் பணம் கட்டி உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். வெறுமனே கேட்பதற்கே உரிமம் என்றால், அலைகளைப் பரப்புவதற்கு எவ்வளவு கட்டுப்பாடு இருந்திருக்கும்!

இன்றோ எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பூந்தொட்டியில் ஓர் ஈர உணர்வியைச் செருகி, அதனுடன் தீப்பெட்டியளவு புளூடூத் கருவி ஒன்றை இணைக்கிறாள். தொட்டியின் ஈரம் கம்பியில்லாமலே கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. அவள் யாரிடமும் உரிமம் வாங்கவில்லை. சட்டத்தையும் மீறவில்லை.

இது எப்படி இயன்றது? 1947இல் அட்லாண்டிக் நகரில் கூடிய பன்னாட்டு மாநாடு, 2450 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பட்டையைத் தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென ஒதுக்கியது. நுண்ணலை அடுப்பு வேலை செய்வதும் இங்கேதான். அடுப்புகளின் இரைச்சல் மிகுந்த இடமாதலால், செய்தித் தொடர்புக்கு இது ஏறத்தாழப் புறம்போக்கு நிலம் போலக் கிடந்தது. 1985இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் அந்நிலத்தை உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதித்தது. இந்தியாவில் 2005 சனவரியில் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. வைஃபை, புளூடூத், ஜிக்பீ எல்லாம் இப்புறம்போக்கில் விளைந்த பயிர்களே.

ஆனால் இந்த உரிமைக்குச் சில நிபந்தனைகள் உண்டு. வரம்புக்கு மேல் வலிமையாக அலைபரப்பக் கூடாது. பிறருக்கு இடையூறு செய்யக் கூடாது. பிறரால் இடையூறு வந்தால் பாதுகாப்புக் கோரவும் முடியாது. பட்டை எல்லாருக்கும் பொது. நம் ஊர்ப் பொதுக்குளமும் இப்படித்தான். யாரும் நீர் மொள்ளலாம். ‘என் குளம்’ என்று யாரும் சொல்ல முடியாது.

அண்மையில் ஒரு கண்காட்சிக்கு நடுவராகப் போயிருந்தேன். மேற்சொன்னது போன்ற பூந்தொட்டிக் கருவி ஒன்று நொடிக்குப் பத்து முறை ஈர அளவை அனுப்பிக்கொண்டிருந்தது. தொட்டியில் ஈரம் குறையப் பல மணி நேரம் ஆகும். இடைவிடாமல் அனுப்புவானேன் என்று கேட்டேன். "அனுப்ப முடிகிறதே, சார்!" என்றான் மாணவன். அவனை நான் குறை சொல்லவில்லை. அனுப்பக் கற்றுத் தந்த நாம், அடங்கியிருக்கக் கற்றுத் தரவில்லை. நாம் கற்றுத் தர வேண்டிய பாடம் அதுதான் என்பது என் கருத்து.

இந்தக் கருவிகளை வடிவமைத்த பொறியாளர்கள் அடக்கத்தை நன்கு அறிந்தவர்கள். பழைய வகைப் புளூடூத், 79 தடங்களில் நொடிக்கு 1600 முறை தாவுகிறது. ஒரே தடத்தை அடைத்துக்கொண்டு நிற்பதில்லை. 2010இல் வந்த குறைமின் புளூடூத், ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று அறிவிக்க மூன்று தடங்களை வைத்திருக்கிறது. வைஃபை மிகுதியாகப் பயன்படுத்தும் 1, 6, 11ஆம் தடங்களுக்கு இடையிலும் ஓரத்திலும் அவை அமைக்கப்பட்டிருக்கின்றன. ஜிக்பீ கருவி, வேறு யாரேனும் பேசுகிறார்களா என்று முதலில் கேட்டுவிட்டுப் பிறகே பேசத் தொடங்கும். நம் வகுப்பறையில்கூட இவ்வளவு ஒழுங்கு இல்லை!

இந்த ஒழுங்கால் நமக்கும் ஆதாயம் உண்டு. ஒரு சிறு கணக்குப் போடுவோம். சி.ஆர்.2032 என்னும் வட்ட மின்கலத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர், பெயரிலேயே அளவு இருக்கிறது. அது தரும் மின்சாரம் சுமார் 220 மில்லி ஆம்பியர்-மணி. கருவி விழித்திருக்கும்போது 10 மில்லி ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். இடைவிடாது விழித்திருந்தால் 22 மணி நேரத்தில் மின்கலம் தீர்ந்துவிடும். நொடிக்கு 3 மில்லி நொடி மட்டும் விழித்து, மற்ற நேரம் உறங்கினால்? சராசரி 0.03 மில்லி ஆம்பியர்தான். உறக்கத்தில் ஆகும் மிகச் சிறு செலவை விட்டுவிட்டால், 7,300 மணி நேரத்துக்கு மேல், அதாவது ஏறத்தாழப் பத்து மாதம் வரும். நிமிடத்துக்கு ஒரு முறை விழித்தால் போதும் என்றால், அலைபரப்பும் செலவைவிட மின்கலத்தின் முதுமையே பெரிய கவலையாகிவிடும். குறைவாகப் பேசுபவனுக்கு ஆயுள் நீளம்!

"என் ஒரு கருவியால் என்ன கெட்டுவிடும்?" என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றால் ஒன்றும் ஆகாது; மெய்தான். குளத்தில் ஒருவர் சாக்கடை நீரை விட்டால் குளம் உடனே கெடுவதில்லை. தெருவே விட்டால்? அடுத்த வீட்டுப் பாட்டியின் காது கேட்கும் கருவியும், நீரிழிவு நோயாளியின் சர்க்கரை அளவைத் தெரிவிக்கும் உணர்வியும் இதே பட்டையில்தான் பேசக்கூடும். நெரிசலில் செய்தி தவறினால் அவை மீண்டும் மீண்டும் அனுப்ப வேண்டும். உங்கள் வீண்பேச்சுக்கு அவர்கள் மின்கலம் விலை கொடுக்கிறது. பாதுகாப்புக் கோர முடியாத இடம் இது என்பதை மறவாதீர்கள்.

"அப்படியானால் பழையபடி உரிம முறையே வரட்டும்" என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு உடன்பாடில்லை. உரிமமும் கட்டணமும் வந்தால் பெரிய நிறுவனங்கள் கட்டிவிடும். எட்டாம் வகுப்பு மாணவியால் முடியாது. பூட்டுப் போட்டுக் காப்பாற்றிய குளத்தில் ஊரார் தண்ணீர் எடுக்க முடியாது. பூட்டு வேண்டாமென்றால் நாமே ஒழுங்காக இருக்க வேண்டும், வேறு வழியில்லை.

ஆகவே, அடுத்த கருவியைச் செய்யும் முன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு முழக் கம்பி போதுமா? போதுமென்றால் அலை எதற்கு? அளவு மாறும் வேகம் என்ன? அந்த வேகத்துக்கு ஏற்ப அனுப்பினால் போதும். எவ்வளவு தூரம் கேட்க வேண்டும்? அதற்கு மேல் குரலை உயர்த்தாதீர்கள்.

அடுத்த கண்காட்சியில், எவ்வளவு தூரம் அனுப்புகிறது என்று நான் கேட்கப் போவதில்லை. எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது என்றுதான் கேட்பேன். விடையோடு வாருங்கள்!