பலகைக்கும் இடம் வேண்டும்

நுவரெலியா 6,000 அடிக்கு மேல் உயர்ந்த ஊர். அங்கும் அட்டனிலும் உள்ள பழைய தோட்டத்துப் பங்களாக்களில், தை மாசிக் குளிர் பலகைத் தளத்தின் இடுக்குகள் வழியே புகுந்து காலைக் கடிக்கும். மரத்தூளும் பசையும் குழைத்து உடனே அடைத்துவிட எண்ணுகிறோம். சற்றே பொறுப்போம்!

வறண்ட மாதங்களில் மரம் அகலத்தில் சுருங்கும். ஆனி ஆடி மழையில் ஈரமுண்டு விரியும். இடுக்கு அகன்றிருக்கும் வேளையில் இறுக அடைத்தால், மழைக்காலத்தில் பலகைகள் நெருக்குண்டு மேலெழும்பும்; அன்றேல் அடைப்புப் பொடிந்து உதிரும். ஆதலின் சிறு இடுக்குகளை விட்டுவிடுவோம். அகன்றவற்றில் அதே மரத்தின் மெல்லிய கீற்றைச் செருகி, ஒரு பலகையோடு மட்டும் ஒட்டுவோம். மறுபக்கம் சிறிது இடம் இருக்கட்டும்.

தளத்தின் கீழுள்ள காற்றுத் துவாரங்களை மட்டும் மூடலாகாது. மூடினால் ஈரம் தங்கி, தளத்தைத் தாங்கும் உத்தரங்கள் உக்கிப்போம். குளிரைத் தடுக்கப்போய்த் தளத்தையே இழக்கலாமோ?