கல்லூரி மேடையில் யார் பேசலாம்?

கல்லூரி விழாவுக்கு அழைப்பிதழ் அடிப்பதற்கு முன்னால் ஒரு பெரிய வேலை இருக்கிறது. சிறப்பு விருந்தினர் யார் என்று முடிவு செய்வது! மாணவர்கள் நாலைந்து பெயர்களை எழுதிக்கொண்டு பிரின்ஸ்பால் அறைக்குப் போவார்கள். அங்கே முதல் கேள்வி "இவர் எந்தத் துறையில் கெட்டிக்காரர்?" என்பதாக இருக்காது. "இவரைக் கூப்பிட்டால் பிரச்சனை எதுவும் வராதே?" என்பதாகத்தான் இருக்கும்.

இப்படிக் கேட்பவரைக் கோழை என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் கல்லூரி பஸ் மேல் கல் விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். காவல் நிலையத்திலிருந்து போன் வந்தால் எடுக்க வேண்டியவரும் அவரே. அரசுக் கல்லூரி என்றால் இடமாற்றம், தனியார் கல்லூரி என்றால் தாளாளரின் கோபம். அவர் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

ராமநாதபுரம், ராமேஸ்வரம் கடற்கரையில் இந்தப் பயத்துக்குக் கூடுதல் காரணங்கள் உண்டு. கச்சத்தீவு, இலங்கைத் தமிழர், விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் உள்ள தகராறு, சேது சமுத்திரத் திட்டம், ராமர் பாலம்... எதை எடுத்தாலும் ஒரு தரப்புக்குக் கோபம் வரும். சாதியைப் பற்றிப் பேசவே வேண்டாம். 1957-ல் முதுகுளத்தூர் கலவரம், அதே ஆண்டில் இம்மானுவேல் சேகரன் கொலை, 2011 செப்டம்பர் 11-ல் பரமக்குடி துப்பாக்கிச் சூடு என்று ரத்தம் சிந்திய வரலாறு அது. மிளகாய் விலையைப் பற்றி மட்டும் சண்டை இல்லாமல் பேசலாம் போலிருக்கிறது. அதிலும் வியாபாரி யாராவது அரங்கில் இருந்தால் சந்தேகம்தான்!

அதனால் பல கல்லூரிகள் கண்டுபிடித்திருக்கும் வழி, யாருக்கும் கோபம் வராத பேச்சாளரை அழைப்பது. கனவு காணுங்கள், உழையுங்கள், அம்மாவை மதியுங்கள் என்று பேசுவார். கைதட்டல், பொன்னாடை, நினைவுப் பரிசு, நாட்டுப்பண். எல்லோரும் பத்திரமாக வீட்டுக்குப் போய்விடலாம். நஷ்டம் யாருக்கு? தன் கடலைப் பற்றி, தன் ஊர்ச் சாதிச் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தையும் கல்லூரிக்குள் கேட்காமலே பட்டம் வாங்கிப் போகும் மாணவனுக்குத்தான். அவன் அதையெல்லாம் கட்சி மேடையிலும் வாட்ஸ்அப்பிலும் கற்றுக்கொள்கிறான். அங்கே எதிர்க்கேள்வி கேட்க ஆள் கிடையாது.

விருந்தினர் பேச்சால் ஒரு கல்வி நிறுவனம் ஆட்டம் கண்டதற்குத் தமிழ்நாட்டில் தெளிவான உதாரணம் சென்னை ஐ.ஐ.டி. 2014 ஏப்ரல் 14 அன்று அங்கே அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தை மாணவர்கள் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு அம்பேத்கர் பிறந்தநாளை ஒட்டி, குப்பம் திராவிடப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரை அழைத்துப் பேச வைத்தார்கள். அவர் பேச்சின் பகுதிகளைத் துண்டறிக்கையாகவும் கொடுத்தார்கள். அதில் மத்திய அரசின் கொள்கைகள் மீது கடுமையான விமர்சனம் இருந்தது.

பெயர் போடாத ஒரு புகார் டெல்லிக்குப் போனது. பிரதமருக்கு எதிராக வெறுப்பைப் பரப்புகிறார்கள், மாணவர்களைச் சாதிவாரியாகப் பிரிக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் நிறுவனத்திடம் கருத்துக் கேட்டது. 2015 மே 22 அன்று அமைப்பின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. மாணவர் அமைப்புகளுக்கான விதிகளை மீறினார்கள், சலுகையைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்றது நிர்வாகம். தங்கள் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பே தரவில்லை என்றார்கள் மாணவர்கள். நாடு முழுக்கப் போராட்டம். ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தப் பேராசிரியர் சொன்னது சரியா, தவறா என்ற விவாதம் கடைசிவரை பெரிதாக நடக்கவே இல்லை. புகார் எழுதியவர் தன் பெயரில் ஒரு மறுப்புத் துண்டறிக்கை போட்டிருக்கலாம். மறு வாரமே எதிர்க் கருத்துள்ள ஒருவரை அழைத்துக் கூட்டம் நடத்தியிருக்கலாம். அறிவுக்குப் பேர் போன ஒரு நிறுவனத்தில், பேச்சுக்குப் பதிலாக வந்தது ஒரு மொட்டைக் கடிதம்! அதனால் புகார் எழுதியவர் நினைத்ததும் நடக்கவில்லை. சில நூறு பேருக்குத் தெரிந்திருந்த அமைப்பை நாடே தெரிந்துகொண்டது. மற்ற ஊர்க் கல்லூரிகளிலும் அதே மாதிரியான படிப்பு வட்டங்கள் கிளம்பின.

அப்படியானால் யார் வேண்டுமானாலும் வந்து எது வேண்டுமானாலும் பேசலாமா? இந்தக் கேள்விக்கு 2024-ல் நடந்த சம்பவத்தை வைத்துப் பதில் தேடலாம்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் சென்னையில் அசோக் நகர், சைதாப்பேட்டை அரசுப் பள்ளிகளுக்கு மகாவிஷ்ணு என்ற பேச்சாளர் வந்தார். பிரச்சனை வராது என்று எல்லோரும் நம்பும் அதே தன்னம்பிக்கைப் பேச்சு வகைதான். ஆனால் அவர் முற்பிறவிப் பாவம் பற்றிப் பேசினார். உடற்குறையோடு பிறப்பது போன வினையின் பலன் என்ற பொருளில் பேச்சு போனது. கூட்டத்தில் இருந்த, பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து ஆட்சேபித்தார். பள்ளியில் இதையெல்லாம் எப்படிப் பேசலாம் என்று கேட்டார். மேடையில் இருந்தவர் அவரோடு வாக்குவாதம் செய்தார். வீடியோ தமிழ்நாடு முழுக்கப் பரவியது. தலைமை ஆசிரியர்கள் இடமாற்றம் செய்யப்பட்டார்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பிய மகாவிஷ்ணு செப்டம்பர் 7 அன்று விமான நிலையத்தில் வைத்துக் கைது செய்யப்பட்டார்.

அந்தச் சம்பவத்தில் மிகச் சரியான காரியத்தைச் செய்தவர் அந்த ஆசிரியர்தான். போலீஸைக் கூப்பிடவில்லை, மைக்கைப் பிடுங்கவில்லை. எழுந்து நின்று கேள்வி கேட்டார். அந்த ஒரு கேள்வியிலேயே பேச்சின் லட்சணம் வெளியே வந்துவிட்டது. அதற்குப் பிறகு கைது எதற்கு? தவறான கருத்தைச் சொன்னவரைச் சிறைக்கு அனுப்பினால், அவர் ஆதரவாளர்களுக்கு அவர் தியாகியாகிவிடுகிறார். நாளைக்கு ஆட்சி மாறினால் இதே வழியில் வேறு ஒருவர் உள்ளே போவார்.

இன்னொன்றும் உண்டு. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள். எழுந்து போக முடியாது. எதிர்த்துப் பேச வயதும் தைரியமும் போதாது. ஆகவே பள்ளிக்கு யார் வருகிறார் என்று முன்கூட்டிப் பார்ப்பது அவசியம். கல்லூரி அப்படி இல்லை. 18 வயதில் ஓட்டுப் போடத் தகுதி உள்ளவனுக்கு, ஒரு பேச்சைக் கேட்டு முடிவு செய்யத் தகுதி இல்லை என்று சொல்வது வேடிக்கை.

ஆனால் கல்லூரியிலும் மாணவன் பள்ளிப் பிள்ளை மாதிரி நடத்தப்பட்டால்? 2025 ஏப்ரல் 12 அன்று மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் கம்பர் பற்றிய போட்டிகளுக்குப் பரிசளிப்பு விழா. ஆளுநர் என்ற முறையில் விருந்தினராக வந்த ஆர்.என்.ரவி, மாணவர்களை 'ஜெய் ஸ்ரீராம்' என்று முழங்கச் சொன்னார். பெரிய சர்ச்சை ஆனது. கம்பனைப் பற்றி அவர் என்ன கருத்தை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ராமபக்தியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருக்கலாம். அது பேச்சு, அதற்கு அவருக்கு உரிமை உண்டு. கூட்டத்தைத் திருப்பிச் சொல்ல வைப்பது வேறு விஷயம். இன்டர்னல் மார்க் கையில் வைத்திருக்கும் நிர்வாகம் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, எந்த மாணவன் வாயை மூடிக்கொண்டிருப்பான்? கருத்துச் சுதந்திரம் என்றால் பேசாமல் இருக்கும் சுதந்திரமும் சேர்ந்ததுதான். கோஷம் வேறு கட்சியுடையதாக இருந்தாலும் இதே நியாயம்தான்.

ஆக, மேடையில் யார் என்பதை விட, கீழே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதுதான் முக்கியம். வராமல் இருக்கலாமா? எழுந்து கேட்கலாமா? கேட்டால் மறுநாள் ஹெச்.ஓ.டி. கூப்பிட்டு மிரட்டாமல் இருப்பாரா? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் எந்தப் பேச்சாளரையும் அழைக்கலாம். பதில் இல்லை என்றால், எவ்வளவு நல்லவரை அழைத்தாலும் அது வெறும் சடங்குதான்.

"சட்டம் ஒழுங்கு கெட்டால் என்ன செய்வது?" என்பது அடுத்த கேள்வி. இதற்கு உச்ச நீதிமன்றம் 1989-லேயே பதில் சொல்லிவிட்டது. அதுவும் ஒரு தமிழ்ப் பட வழக்கில்! 'ஒரே ஒரு கிராமத்திலே' இட ஒதுக்கீட்டை விமர்சித்த படம். வெளியிட்டால் கலவரம் வரும் என்று வாதிட்டார்கள். போராட்டம் வரும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்தை அடக்கக் கூடாது, கருத்துச் சொல்பவரைக் காப்பது அரசின் கடமை என்றது நீதிமன்றம். யோசித்துப் பாருங்கள். கல் எறிவேன் என்பவனுக்குப் பயந்து கூட்டத்தை ரத்து செய்தால், அடுத்த கூட்டத்துக்கு யார் வரலாம் என்பதை முடிவு செய்பவன் அவன்தான்.

ஆனால் நடைமுறையில் கதவைச் சாத்துவதே வழக்கமாகிவிட்டது. 2008 அக்டோபர் 19-ல் ஈழத் தமிழருக்காகத் திரையுலகினர் ராமேஸ்வரத்தில் கூட்டம் போட்டார்கள். அங்கே பேசிய பேச்சுக்காக இயக்குநர்கள் சீமானும் அமீரும் சில நாட்களில் கைதானார்கள். 2009 தொடக்கத்தில் மாணவர்கள் இதே பிரச்சனைக்காகத் தெருவில் இறங்கியபோது கல்லூரிகளும் விடுதிகளும் காலவரையின்றி மூடப்பட்டன. 2013 மார்ச்சிலும் அதே கதை. முன்னதில் தி.மு.க. ஆட்சி, பின்னதில் அ.தி.மு.க. ஆட்சி. பேச இடம் கொடுக்காமல் மூடியதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று எல்லாத் தரப்பையும் அழைத்து நிதானமாக விவாதிக்கக் கல்லூரிகளை விட நல்ல இடம் எது? அதைத்தான் முதலில் பூட்டினார்கள்.

புத்தகத்துக்கும் இதே கதிதான். ராமாயணம் ஒன்றல்ல, பல என்று விளக்கும் ஏ.கே.ராமானுஜனின் கட்டுரையை 2011 அக்டோபரில் டெல்லி பல்கலைக்கழகம் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. அதில் கம்பனும் உண்டு. ராமேஸ்வரத்துக்காரர்களுக்கு இந்தச் செய்தி சிரிப்பைத்தான் வரவழைக்க வேண்டும். ராமன் மணல் லிங்கம் வைத்து வழிபட்ட கதையைத் தலபுராணம் சொல்கிற மாதிரி வால்மீகி விரிவாகச் சொல்லவில்லை. சேதுவின் பெருமையைப் பாட நிரம்ப அழகிய தேசிகர் 'சேதுபுராணம்' என்று தனி நூலே செய்தார். பல ராமாயணங்களோடு காலங்காலமாக நிம்மதியாக வாழ்ந்து வரும் ஊர் அது!

இந்தக் கரைக்கு விருந்தினர் பேச்சு ஒன்றும் புதிதில்லை. சிகாகோவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் இறங்கினார். பாஸ்கர சேதுபதி வரவேற்றார். மறுநாள் ராமேஸ்வரம் கோயிலில் பேசச் சொன்னார்கள். கோயிலின் பெருமையைப் புகழ்ந்துவிட்டுப் போயிருக்கலாம். அவரோ, ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காணாமல் சிலையில் மட்டும் காண்பவனின் வழிபாடு ஆரம்ப நிலைதான் என்ற பொருளில் பேசினார். யாரும் அவர் பேச்சை நிறுத்தவில்லை. அடுத்த நாள் சேதுபதி ஏழைகளுக்கு உணவும் உடையும் கொடுத்தார் என்று அவர் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அழைத்தவர் சொந்த வாசலிலேயே சங்கடமான விஷயத்தைச் சொன்ன விருந்தினர், அதைக் காதில் வாங்கிக்கொண்ட அழைப்பாளர். இரண்டும் வேண்டும்.

இன்றைக்கு ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரி சேது சமுத்திரத்தைப் பற்றி நாலு கூட்டம் நடத்தலாம். ஒரு நாள் நிலவியல் பேராசிரியர், ஒரு நாள் துறைமுகப் பொறியாளர், ஒரு நாள் பாலத்தைப் புனிதமாக நம்புபவர், ஒரு நாள் மன்னார் வளைகுடாவில் மீன் பிடிக்கும் நாட்டுப்படகுக்காரர். வருகைப்பதிவு கட்டாயம் இல்லை என்று அறிவித்துவிட வேண்டும். பேச்சுக்கு 40 நிமிடம் என்றால் கேள்விக்கும் 40 நிமிடம். கேள்வியைச் சீட்டில் எழுதி வாங்கி வடிகட்டக் கூடாது. பேச்சாளரைப் பிடிக்காதவர்கள் வாசலில் அமைதியாக அட்டை பிடித்து நிற்கலாம், அதுவும் கருத்துதான். அரங்குக்குள் கூச்சல் போட்டுப் பேச்சைத் தடுக்க மட்டும் உரிமை இல்லை. நேரடியாக வன்முறைக்குத் தூண்டினால் சட்டம் பார்த்துக்கொள்ளும். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. பொன்னாடைச் செலவு கூட மிச்சம்!

ராமேஸ்வரம் தெருக்களில் பேப்பர் போட்டு வளர்ந்த அப்துல் கலாம் 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்கள் முன் பேசிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்தார். மாணவர்களை உறுதிமொழி சொல்ல வைக்கும் பழக்கம் அவருக்கும் உண்டு. ஆனால் அவர் கூட்டங்களில் கேள்வி நேரமும் உண்டு. அன்று பேச்சு முடிந்ததும், நாடாளுமன்றம் முடங்காமல் நடக்க என்ன வழி என்று மாணவர்களையே கேட்க நினைத்திருந்தாராம். நாட்டின் நாடாளுமன்றத்துக்கே யோசனை சொல்லத் தகுதியானவர்கள் என்று அவர் மாணவர்களை நம்பினார். அவர் பிறந்த கரையில் இருக்கும் கல்லூரிகள், தங்கள் மாணவர்கள் ஒரு பேச்சாளரைத் தாங்கிக்கொள்வார்கள் என்றாவது நம்பலாமே?