கப்சாய்க்கு மலை ஏறத் தெரியும்

கப்சாய் எனப்படும் நூறு சிசி சிறு மோட்டார் சைக்கிள் கடைத்தெருவுக்கு மட்டும்தான், மலைச்சாலைக்குப் பெரிய எஞ்சின் வேண்டும் என்கிறார்கள். தவறு. பினாங்கின் பாலேக் பூலாவ் போய்ப் பார்க்கட்டும்! செங்குத்தான டுரியான் தோட்டப் பாதைகளில் பழக்கூடை சுமந்து இறங்குவது கப்சாய்தான்.

ஒற்றை சிலிண்டர், காற்றே குளிர்விக்கும் எஞ்சின், கைக்கிளட்ச் கிடையாது. பழுதானால் எந்தக் கம்பத்துப் பட்டறையிலும் சரிசெய்யலாம். ஹோண்டாவை மலாயாவுக்குக் கொண்டுவந்தவரே பினாங்கு வணிகர் லோ பூன் சியூ. கப்சாயின் மூதாதையான, 1958இல் பிறந்த ஹோண்டா சூப்பர் கப் வரிசையின் உற்பத்தி 2017இல் பத்துக் கோடியை எட்டியது.

நெடுஞ்சாலையில் பெரிய வண்டிக்கே வசதி அதிகம், மறுப்பில்லை. ஆனால் தெலுக் பாஹாங்கிலிருந்து பாலேக் பூலாவுக்கு வளைந்து வளைந்து போகும் சாலையில் அந்தக் குதிரைத்திறனை எங்கே செலவழிப்பது? அடுத்த வளைவிலேயே பிரேக் பிடித்தாக வேண்டும்.