மழைக்கு முன் ஒரு ஈடு வடாம்

இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, வருவதற்குள் வடாம் இட்டாக வேண்டும் என்ற அவசரம் பாலக்காட்டு அக்கிரகாரங்களுக்குப் பழகியது. ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி விடுமுறை. காக்கை விரட்டக் குழந்தைகள் கிடைப்பார்கள். காக்கையைவிட அவர்கள் தின்று தீர்ப்பது அதிகம் என்பது வேறு கதை.

பச்சரிசி மாவைக் களியாகக் கிளறி, பச்சைமிளகாய் விழுது, பெருங்காயம், எலுமிச்சைச் சாறு சேர்த்து நாழியில் பிழிவார்கள். இலை வடாமுக்குப் பொறுமை இன்னும் வேண்டும்: மாவை மெல்லிசாகத் தடவி, ஆவியில் வேகவைத்து, கிழியாமல் உரித்து உலர்த்த வேண்டும். கை வலிக்கும் வேலை. இதைப் பாட்டிகள் தலையில் கட்டிவிட்டு, பொரித்ததும் பாராட்டுவது என்ன நியாயம்? வீட்டு ஆண்களும் நாழியைத் திருகட்டும்.

உழைப்பை மறந்துவிட்டுப் பொருளை மட்டும் பாராட்டுவது இடுக்கியிலும் உண்டு. ஊராளி, மன்னான், முதுவான் முதலிய பழங்குடியினர் ஒருவகைக் காட்டு மூங்கிலைச் சீவிப் பின்னும் கண்ணாடிப்பாய்க்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுருட்டினால் ஒரு மூங்கில் குழாய்க்குள் அடங்கிவிடும், அத்தனை மெல்லிசு. குறியீட்டைப் பாராட்டுகிறவர்கள் விலையைக் கேட்டதும் பேரம் பேசுகிறார்கள்.

காகிதப் பூ செய்யக் கோடை முகாம் நடத்தும் பள்ளிகள், அடுத்த ஏப்ரலில் இந்தப் பாய் பின்னுகிறவர்களை உரிய சம்பளம் கொடுத்து அழைக்கலாம்.