தீயணைக்க நாம், படிக்க யார்?

மாசி, பங்குனியில் மலை காய்ந்து கிடக்கும். அங்கே புகை கண்டால் பச்சைக் கொப்பை ஒடித்துக்கொண்டு ஏறுபவன் யார்? கோம்பையின் கூலிக்காரன்தான். அன்றைய கூலி போச்சு!

2018 மார்ச் 11-ல் போடிக்கு மேலே குரங்கணிக் காடு பற்றியது. மலையேறப் போனவர்களில் 23 பேர் மாண்டார்கள். ஹெலிகாப்டர் வருமுன்னே ஓடியவர்கள் குரங்கணி மக்களும் எஸ்டேட் தொழிலாளர்களுமே. வெந்த உடல்களைத் துணியில் கிடத்தித் தோளில் சுமந்து இறக்கினார்கள்.

"தொண்டுக்குக் கூலியா?" என்று சில கனவான்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். அமெரிக்கா டாலர் ராஜ்யந்தான். அங்கேயே மேரிலாந்து மாநிலத்தில் தீயணைப்புத் தொண்டர்கள் கல்லூரியில் படிக்க சர்க்கார் உதவித்தொகை கொடுக்கிறது. படித்தபின் தொண்டில் தொடரவேண்டும் என்பது நிபந்தனை. தர்மமல்ல அது. ஆள் நிற்கவேண்டுமென்ற கணக்கு!

இங்கே என்ன? கல்லூரிக் கட்டணத்துக்கு வழியின்றி நம் இளவட்டங்கள் திருப்பூர் பஸ் ஏறுகிறார்கள். வயதானவர்கள்தான் மிச்சம். அடுத்த தீக்கு இவர்களா மலையேறுவது?

மலையடிவார ஊர்களில் தீயணைக்க ஏறுவோரின் பெயர்களைப் பதிவு செய்யுங்கள். ஏறிய நாளுக்குக் கூலி, உயிருக்கு இன்சூரன்ஸ், அவருக்கோ அவர் பிள்ளைக்கோ படிப்புச் செலவு முழுவதும் கொடுங்கள். வரும் மாசிக்கு முன்னே உத்தரவு வரட்டும் என்று கேட்கிறோம்.