கந்தையும் கதையும்

தைப்பொங்கல் நெருங்கினால் வீட்டிற்கு வெள்ளையடிப்பதும் அலுமாரிகளை ஒழுங்கு செய்வதும் நம்மவர் வழக்கம். அவ்வேளையில் மடிப்புக் குலைந்த நூற்சேலைகள், சாயம் வெளிறிய சாறங்கள், பிள்ளைகளுக்கு அளவு போதாமற்போன சட்டைகள் எல்லாம் ஒரு மூலையிற் குவிகின்றன. சில நாட்களில் அவை நிலந்துடைக்கும் துணியாகிப் பின்னர் குப்பைவண்டியில் ஏறிவிடுகின்றன. அந்தத் துணிக்குவியலைப் பற்றியே இவ்வாரம் நம் வாசகியருடனும், விடுமுறையில் வீட்டிலிருக்கும் மாணவ மாணவியருடனும் பேச விரும்புகிறோம்.

பழந்துணிகளைச் சதுரமாகவோ பட்டையாகவோ வெட்டி இணைத்து, அடியில் வேறு துணிகளை வைத்து, மேலிருந்து கீழ்வரை ஊசி பாயத் தைத்தெடுப்பது ஒட்டுப்போர்வை. ஒரு கொப்பியில் நாளாந்த நிகழ்ச்சிகளையும் நினைவுகளையும் எழுத்தோடு படமும் நிறமும் சேர்த்துப் பதிந்து வைப்பது சித்திரக் குறிப்பேடு. மேனாடுகளில் இவ்விரண்டையும் தனித்தனிப் பொழுதுபோக்குகளாகப் பயில்வோர் பலர். நம் குடும்பங்களுக்கோ இவ்விரண்டும் ஒன்றாய் இருத்தல் வேண்டும் என்பது எம் கருத்து. கதை தெரியாத துணி வெறுங் கந்தையாகிவிடும். கையாற் தொட்டுப் பார்க்க ஒன்றுமில்லாத கதையோ விரைவில் மறந்துபோகும்.

கந்தை என்ற சொல்லை நாம் இழிவாகவே வழங்குகிறோம். அதே சொல்லின் உறவாகிய 'கந்தா' என்பது வங்காளத்தில் ஓர் அருங்கலையின் பெயர். அங்குள்ள பெண்கள் நைந்துபோன சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவியெடுத்த வண்ண நூல்களைக் கொண்டே அவற்றைத் தைத்தார்கள். விலைகொடுத்து வாங்க வேண்டிய பொருள் அதில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. தாமரை, மீன், பல்லக்கு, குதிரைவீரன் என்று தாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் எளிய ஓட்டுத்தையலால் வரைந்தார்கள். குருசதய் தத்தர் (1882–1941) சேகரித்த கந்தாக்களுள் ஒன்று, மானதாசுந்தரி தாசி என்னும் பெண்மணி 19ஆம் நூற்றாண்டில் தம் தந்தைக்கெனத் தைத்தது. அவர் தம் பெயரையும் நூலாலேயே அதில் எழுதிவைத்தார். அக்காலத்தில் கந்தா தைத்த எண்ணற்ற பெண்களின் பெயர் மறைந்துபோயிற்று. அவருடைய பெயரோ நிலைத்திருக்கிறது.

கருநாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி மக்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள். அவர்களின் ஒட்டுப்போர்வைக்குக் கவாண்டி என்று பெயர். விளிம்பில் தையலைத் தொடங்கிச் சுற்றிச்சுற்றி நடுவை நோக்கி வருவது அவர்களின் முறை. நான்கு மூலைகளிலும் மடித்த துணியாற் பூ வைக்காவிட்டால் போர்வை நிறைவுபெறாது என்பது அவர்களுடைய கொள்கை. வறுமையிலும் அழகை விட்டுக்கொடாத மனம் அந்தச் சிறு பூவில் விளங்குகிறது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் உண்டு. அடிமைகளாகப் பருத்தி பயிரிட்ட மக்களின் சந்ததியார் வாழும் ஊர் அது. அவ்வூரைச் சேர்ந்த மிசூரி பெட்வே என்ற பெண்மணி 1942ஆம் ஆண்டில், காலஞ்சென்ற தம் கணவரின் வேலை உடுப்புகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். அவரை நினைந்து, அவருடைய உடுப்பின் கீழேயே உறங்கவேண்டும் என்பது அவர் விருப்பம். வெயிலில் வெளுத்த முழங்காற் பகுதியும், பை இருந்த இடத்தில் மங்காத நிறமும் அதில் அப்படியே தெரிகின்றன. அப்போர்வை இன்று வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தின் உடைமை. அதனைத் தைக்கத் துணைசெய்த மகள் ஆர்லோன்சியா பின்னாளில் எடுத்துச் சொன்னமையாற்றான் இவ்வரலாறு உலகிற்குத் தெரியவந்தது. அவர் வாய் திறவாதிருந்தால், பார்ப்போர் அதனை அழகிய பழைய போர்வை என்று மட்டும் சொல்லிக் கடந்திருப்பார்கள்.

இவையெல்லாம் பிறநாட்டுச் செய்திகள்தாமே, நமக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். தொடர்பு மிக நெருங்கியது. 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் கொழும்பின் ஏனைய பகுதிகளிலும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் உடுத்த துணியோடு வீட்டைவிட்டு வெளியேறின. வடக்கிலும் கிழக்கிலும் ஒரே குடும்பம் பலமுறை இடம்பெயர்ந்தது. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் வீடுகள் நீரில் மூழ்கின. நெருப்பானாலும் வெள்ளமானாலும், கல்யாணப் படமும் பிறப்புக் குறிப்பும் பாட்டியார் வைத்திருந்த சேலையும் ஒருங்கே போய்விடுகின்றன. மேசை நாற்காலிகளை மீண்டும் வாங்கிவிடலாம். இவற்றை எந்தக் கடையில் வாங்குவது?

குப்பையென்று எறிவதன் முடிவையும் கொலன்னாவை மக்கள் நேரிற் கண்டவர்கள். 2017 ஏப்பிரல் 14ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டுத் தினத்தன்று, மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து 30 பேருக்கு மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோயிற்று. கொழும்பு நகரம் தன் கண்ணில் படாதவாறு தள்ளிவைத்த கழிவெல்லாம் அங்கே ஏழைகளின் வாசலில் மலையாக வளர்ந்திருந்தது. ஒரு போர்வை தைப்பதால் நகரத்தின் குப்பை தீர்ந்துவிடாது. ஆயினும், எறிவதற்கு முன் ஒருமுறை கையில் வைத்துப் பார்க்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு வரவேண்டுமானால், அது வீட்டிலேதான் தொடங்கவேண்டும்.

இழந்ததை நினைவினின்றும் மீட்டெடுக்க முடியுமா என்பதற்கு யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் அவர்களின் நூலொன்று சான்று. ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டுக்குத் தோம்பு என்று பெயர். அதனை மனத்திற்கொண்டு 'முடிவுறாத தோம்பு' என்ற கருத்துடைய ஆங்கிலப் பெயரில் அவர் 2011ஆம் ஆண்டில் அந்நூலை வெளியிட்டார். இடம்பெயர்ந்த மக்கள் தாம் விட்டுவந்த வீடுகளின் நிலப்படத்தைத் தம் கையாலேயே வரைந்து கொடுத்தார்கள். கிணறு இருந்த இடம், மாமரம் நின்ற மூலை, சாமியறை என்று ஒவ்வொன்றையும் குறித்தார்கள். இவ்வாறு 80 வீடுகள் அதிலே பதிவாகியுள்ளன. வரைந்தோரிற் பலர் சித்திரம் பயின்றவர்கள் அல்லர். ஆகவே, 'எமக்குப் படம் வரைய வராது' என்று நம் வாசகியர் எவரும் ஒதுங்க வேண்டியதில்லை.

இனிச் செய்முறைக்கு வருவோம். முதலில் ஒரு சிறு போர்வையே போதும். அகலம் 36 அங்குலம், நீளம் 48 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். காகித மட்டையில் 6½ அங்குலச் சதுரம் ஒன்று வெட்டி, அதனை அளவாக வைத்து 48 துண்டுகளை வெட்டுக. நாற்புறமும் கால் அங்குலம் தையலுக்குள் மடிந்தால் ஒவ்வொரு சதுரமும் 6 அங்குலமாக அமையும். வரிசைக்கு 6 சதுரமாக 8 வரிசைகளைத் தைத்து, பின்னர் வரிசைகளை ஒன்றோடொன்று இணைக்கலாம். நாளொன்றுக்கு 2 சதுரங்கள் வீதம் சேர்த்தாலும் 24 நாட்களில் மேற்றுணி முடிந்துவிடும். இந்தப் பகுதியைத் தையல் மெஷினில் தைப்பதாற் குறைவொன்றுமில்லை.

பல தடவை துவைத்த நூற்சேலையே இதற்கு மிக ஏற்றது. தையற்காரரிடம் வாங்கிய புதிய வெட்டுத்துண்டுகளைச் சேர்ப்பதானால் அவற்றை முன்னரே நனைத்துக் காயவிடுதல் வேண்டும்; இல்லையேல் பின்னர் சுருங்கி, அயலிலுள்ள பழந்துணியையும் இழுத்துக் கெடுக்கும். ஈரமான வெள்ளைத் துணியை அழுத்திப் பார்த்துச் சாயம் போகிறதா என்பதையும் அறிந்துகொள்க. கொழும்பின் வெப்பத்திற்குப் பஞ்சு வைக்கத் தேவையில்லை. நடுவில் ஒரு பழைய படுக்கை விரிப்பும் அடியில் ஒரு சேலையும் போதும். மூன்றையும் சுருக்கமின்றி விரித்து, நீண்ட தையல்களால் தற்காலிகமாகப் பிணைத்துக்கொண்டு, நடுவிலிருந்து விளிம்பை நோக்கிக் கையால் ஓட்டுத்தையல் இடுக. தையல் சற்றுக் கோணினாலும் பரவாயில்லை. அது தைத்தவரின் கையெழுத்து.

போர்வையோடு கூடவே குறிப்பேடும் வளரவேண்டும். பாடசாலைச் சித்திரக் கொப்பி ஒன்றின் முதற்பக்கத்தில் 48 கட்டங்களை வரைந்து இலக்கமிடுக. பின்னர் ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு பக்கம். துணி யாருடையது, எங்கே வாங்கியது, எந்த நாளில் உடுத்தது என்பவற்றை எழுதி, அருகிலே ஒரு சிறு படமும் வரைக. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய வெள்ளவத்தை நெசவாலை பிற்காலத்தில் மூடப்பட்டுவிட்டது. அங்கே நெய்த ஒரு முழத்துணி இன்றும் யாருடைய றங்குப்பெட்டியிலேனும் கிடக்கலாம். குறிப்பேடு சொல்லாவிட்டால் அதனை அடையாளங்காண்பவர் யார்? கரை முரடான பட்டுச்சேலையைப் போர்வையிற் சேர்க்காது, ஓர் அங்குலத் துண்டை மட்டும் பக்கத்தில் வைக்கலாம். பசையிட்டு ஒட்டினாற் பூச்சி அரிக்கும். இரண்டு தையலிட்டு நிறுத்துவதே நன்று. எழுதுவதற்குப் பென்சில் சிறந்தது. பேனா மை நீர்பட்டாற் கரைந்தோடும்; பென்சில் எழுத்துக் கரையாது. வெள்ளத்தைக் கண்ட ஊரவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. முடிந்த பக்கங்களைக் கைத்தொலைபேசியிற் படமெடுத்து வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு அனுப்பிவைத்தால், ஒன்று அழிந்தாலும் மற்றொன்று எஞ்சும்.

தொலைவிலுள்ளோரும் இதிற் பங்குகொள்ளலாம். நம் நாட்டு ஓவியர்களான முகன்னட் காதர், சனாதனன், சந்திரகுப்த தேனுவர, ஜகத் வீரசிங்க ஆகிய நால்வரும் 2005 மே முதல் 2007 ஒக்டோபர் வரை தபாலிற் படங்களைப் பரிமாறிக்கொண்டார்கள். ஒருவர் வரைந்தனுப்பியதைப் பார்த்து மற்றவர் மறுமொழியாகத் தாமொன்று வரைவார். போர் மீண்டும் மூண்ட அக்காலத்தில் இவ்வாறு 208 படங்கள் சேர்ந்தன. ரொறன்ரோவில் இருக்கும் பேத்தியும் வெள்ளவத்தையில் இருக்கும் அம்மம்மாவும் அதே முறையில் ஒரு கொப்பியை மாறிமாறி அனுப்பிக்கொண்டால் எத்துணை நன்றாயிருக்கும்! பேத்திக்குத் தமிழ் எழுத்துத் தடுமாறலாம், படம் தடுமாறாது.

நேரமில்லை என்பது எல்லா வீடுகளிலும் கேட்கும் சொல். துணிக்கு அவசரமில்லை, பெட்டியில் வைத்தால் அது இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்கும். அதன் கதையை அறிந்தவர்களுக்கோ அத்தனை காலம் இல்லை. 'இது எந்தச் சேலை, அம்மம்மா?' என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசக்கூடியவர் இன்று அடுத்த அறையில் இருக்கிறார். ஆகவே, மாணவச் செல்வங்களே, ஊசியை நாளைக்கு எடுத்தாலும் குற்றமில்லை. பென்சிலையும் கொப்பியையும் இன்று மாலையே எடுத்துக்கொண்டு அவரருகிற் சென்று அமருங்கள். 48 கட்டங்களுள் கடைசி ஒன்றை மட்டும் வெறுமையாக விட்டுவையுங்கள். உங்கள் வெள்ளைச் சீருடையின் ஒரு துண்டு, நீங்கள் பாடசாலையை விட்டு வெளியேறும் நாளில், அவ்விடத்திற்கு வந்து சேரட்டும்.