வடிகஞ்சியும் ஐந்து பைசா ஸ்டாம்பும்



கொல்கத்தாவில் ஒரு குறும்பு உண்டு. அங்கே அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கும் தெருவின் பெயர் ஹோ சி மின் சரணி. பழைய பெயர் ஹாரிங்டன் தெரு. வியட்நாமில் அமெரிக்கா குண்டு போட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஊர்க்காரர்கள் பெயரை மாற்றிவிட்டார்கள். இன்றும் அந்தத் தூதரகத்துக்குக் கடிதம் போடுகிறவர் அமெரிக்காவின் பழைய எதிரியின் பெயரை எழுதித்தான் ஆக வேண்டும். வல்லரசுடன் சண்டை போடுவதில் இது வங்காளி பாணி!

சமீபத்தில் ஒரு உறவினர் வீட்டு விசேஷத்துக்காக அந்த ஊருக்குப் போயிருந்தேன். வீடு லேக் மார்க்கெட் பக்கம். முருங்கைக்காயும் மல்லிகைப் பூவும் ஃபில்டர் காபிப் பொடியும் கிடைக்கிற கொல்கத்தா அது.

ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. போர்ச் செய்தி. வரைபடம், சிவப்பு அம்புக்குறி, எந்த நாட்டிடம் எத்தனை ஏவுகணை என்று பட்டியல். சோபாவில் இருந்த ஆண்கள் கிரிக்கெட் ஸ்கோர் பேசுவதுபோல் யார் ஜெயிப்பார் என்று பேசிக்கொண்டிருந்தோம். ஆமாம், நானும்தான்.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். மாமி சாதம் வடித்துக்கொண்டிருந்தார். குக்கர் இருக்கிறது. ஆனாலும் வங்காளத்துப் பழக்கம், பானையில்தான் சாதம். வடிகஞ்சியை ஒரு தூக்கில் பிடித்து, மூடி போட்டு, மேடையில் ஓரமாக வைத்தார். எதற்கு என்று கேட்டேன்.

"எங்க மாமியார் இருந்த வரைக்கும் கஞ்சியைத் தொட்டியில கொட்ட விடமாட்டா. வாசல்ல வந்து கேட்டவா ஞாபகம் அவளுக்கு. எனக்கும் அப்படியே கை பழகிப்போச்சு."

வாசலில் வந்து கேட்டது யார்? 1943 பஞ்சத்தில் வங்காளக் கிராமங்களிலிருந்து கல்கத்தாவுக்கு நடந்து வந்தவர்கள். அவர்கள் சோறு கேட்கவில்லை. "ஃபேன் தாவ்" என்றார்கள். ஃபேன் என்றால் வடிகஞ்சி. சோறு கேட்டால் யாரும் போடமாட்டார்கள், கொட்டப்போகிற தண்ணீரைக் கேட்டால் கொடுப்பார்கள் என்று பசிக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தப் பஞ்சத்துக்கு மழையை மட்டும் குறை சொல்ல முடியாது. 1942 அக்டோபரில் மேதினிப்பூர் பக்கம் பெரும் புயல் அடித்தது, பயிரில் நோய் விழுந்தது, உண்மைதான். ஆனால் மூலகாரணம் போர். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மா அரிசி நின்றது. நம் செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு இந்தக் கதை தெரியும். பர்மாவிலிருந்து நடந்தே வந்த தாத்தா உங்கள் வீட்டிலும் இருந்திருக்கலாம்.

அடுத்து ஆங்கிலேய அரசாங்கத்துக்கு ஒரு பயம். ஜப்பான்காரன் வங்காளத்துக்குள் வந்தால் படகும் நெல்லும் அவன் கைக்குப் போய்விடுமே! எனவே கடலோர மாவட்டங்களில் நெல்லை அப்புறப்படுத்தினார்கள். பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகளைப் பறித்தார்கள், உடைத்தார்கள். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள் இப்படிப் போயின. ஆறும் கால்வாயுமாக இருக்கும் ஊரில் படகு இல்லாவிட்டால் மீனவன் என்ன செய்வான்? நெல்லைச் சந்தைக்கு எப்படிக் கொண்டுபோவது? ஜப்பான் படை வரவே இல்லை. 1942 டிசம்பர் 20 இரவு முதல் கல்கத்தாவில் குண்டு விழுந்தது, அவ்வளவுதான்.

விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. கல்கத்தாவில் ஒரு வங்காள மணங்கு, அதாவது ஏறக்குறைய 37 கிலோ அரிசி, 1942 டிசம்பரில் 14 ரூபாய்க்குள் கிடைத்தது. அடுத்த ஆகஸ்டில் 37 ரூபாய். போர்த் தொழிற்சாலை ஊழியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் சலுகை விலையில் அரிசி கொடுத்தார்கள். நிலமில்லாத கூலிக்காரருக்கும் மீனவருக்கும் ஒன்றும் இல்லை. 1943-இல் இருந்த உணவு 1941-ஐவிடக் குறைவில்லை என்று பிற்பாடு பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தப் பஞ்சத்தைச் சிறுவனாகக் கண்ணால் பார்த்தவர் அவர். கடையில் அரிசி இருந்தது, வாங்கத்தான் முடியவில்லை. லண்டனில் கேட்டதற்குக் கப்பல் இல்லை என்றார்கள். செத்தவர்கள் சென் கணக்கில் சுமார் 30 லட்சம் பேர்.

இதில் எனக்கு ஆறாத கோபம் எதில் தெரியுமா? அரசு அதைப் பஞ்சம் என்று அறிவிக்கவே இல்லை. அறிவித்தால் பஞ்ச நிவாரண விதிகளின்படி சோறு போட வேண்டியிருக்கும். தெருவில் பிணம் கிடந்த படங்களை 1943 ஆகஸ்ட் 22 அன்று 'தி ஸ்டேட்ஸ்மேன்' வெளியிட்ட பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. அதன் ஆசிரியர் இயன் ஸ்டீஃபன்ஸ் ஒரு ஆங்கிலேயர். பத்திரிகை ஆசிரியர் நாற்காலியில் உட்காருகிறவர்கள் அவ்வப்போது நினைத்துக்கொள்ள வேண்டிய பெயர்.

அதே ஊர், 28 வருடம் கழித்து. 1971. கிழக்குப் பாகிஸ்தானில் ராணுவ வெறியாட்டம். ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி வந்தார்கள், பெரும்பாலும் மேற்கு வங்காளத்துக்கு. இன்று ஐ.டி. கம்பெனிகள் நிற்கும் சால்ட் லேக் பகுதியில் அன்று சாக்கடைக்காகக் கொண்டுவந்து போட்டிருந்த சிமெண்ட் குழாய்களுக்குள் குடும்பங்கள் வாழ்ந்தன. அமெரிக்கா ஏன் வாயைத் திறக்கவில்லை? அதிபர் நிக்ஸனுக்குச் சீனாவுடன் கை குலுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பாகிஸ்தான்தான் தரகர். அந்த ஜூலையில் அவருடைய ஆலோசகர் கிஸ்ஸிஞ்சர் பாகிஸ்தானிலிருந்துதான் ரகசியமாகப் பெய்ஜிங் போனார். நாம் ஆகஸ்டில் சோவியத்துடன் ஒப்பந்தம் போட்டோம். டிசம்பரில் அமெரிக்காவின் 'எண்டர்பிரைஸ்' கப்பல் வங்காள விரிகுடாவுக்கு வந்து மிரட்டியது. பெரியவர்கள் சதுரங்கம் ஆட, காய்கள் குழாய்க்குள் குடியிருந்தன.

இந்த முறை அகதிகளுக்கான செலவை யார் ஏற்பது? அந்த நவம்பர் 15 முதல் நாடு முழுக்கத் தபாலில் ஐந்து பைசா அகதிகள் நிவாரண ஸ்டாம்ப் கூடுதலாக ஒட்டச் சொன்னார்கள். என் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் அப்படி ஒரு கவர் இருக்கிறது. வழக்கமான ஸ்டாம்புக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொன்று, மூலை மடங்கி, பசை காய்ந்து. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பெண் பார்த்த விஷயம் எழுதிய கடிதம் அது. கல்கத்தாவை வரைபடத்தில்கூடப் பார்த்திராதவர்கள் வங்காள அகதிக்குக் கொடுத்த ஐந்து பைசா.

1971-இல் எல்லாம் சுபம் என்று நான் சொல்ல வரவில்லை. முகாம்களில் காலரா கொத்துக் கொத்தாக வாரிக்கொண்டு போனது. பங்காவ் முகாமில் சலைன் பாட்டில் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு மூன்றையும் பொட்டலம் கட்டி, தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்தார். நோயாளிக்குப் பக்கத்தில் இருந்த தாயும் தங்கையுமே டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்கள். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. நம் வீட்டு மருந்து டப்பாவில் கிடக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் உலகத்தின் நம்பிக்கையைப் பெற்றது அந்த முகாமில்தான்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2022-இல் உக்ரைனில் போர் தொடங்கியதும் நம் தெருமுனைக் கடையில் சூரியகாந்தி எண்ணெய் விலை எகிறியதே, நினைவிருக்கிறதா? 2025 ஆகஸ்டில் ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்பதற்காக அமெரிக்கா நம் சரக்குக்குக் கூடுதலாக 25 சதவீத வரி போட்டது. திருப்பூரில் ஓவர்டைம் போனது. அந்தத் தையல் தொழிலாளி ரஷ்யாவுக்கு என்ன செய்தார்?

போர் வந்தால் பில் வீட்டுக்கு வந்தே தீரும். அதை நான் மறுக்கவில்லை. 1971-இல் அந்த பில்லை ஸ்டாம்பாக அடித்து, எதற்கு என்று சொல்லி, எல்லாரிடமும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினார்கள். 1943-இல் சொல்லாமல், தாங்க முடியாதவர் தலையில் கட்டினார்கள். இன்று எண்ணெய் பாக்கெட்டிலும் சிலிண்டரிலும் வருவது எந்த ரகம்? ஆட்சியில் யார் இருந்தாலும் இந்தக் கணக்கை வெளிப்படையாகச் சொல்லச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. டிவியில் அம்புக்குறியைப் பார்க்கும் நேரத்தில் பாதியை அதற்குச் செலவிடலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பர்மாவிலிருந்து நடந்து வந்த கதையோ, ஜப்பான் குண்டுக்குப் பயந்து சென்னையைக் காலி செய்த கதையோ உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருந்தால் எழுதி அனுப்புங்கள். பழைய பெட்டியில் அந்த ஐந்து பைசா ஸ்டாம்ப் ஒட்டிய கவர் கிடைத்தால் ஸ்டாம்பைப் பிய்க்காமல் போட்டோ எடுத்து அனுப்புங்கள். உள்ளே இருக்கும் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
ஆசிரியர்